அயர்லாந்தில் குழந்தைகளும் பண்டிகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த முதல் வருஷமே ஒரே மாதிரி சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்குள்ள நாட்டார் வழக்கங்களில் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தவர்கள் இல்லை, பாதி வேலையைச் செய்தவர்களே அவர்கள்தான். பெரியவர்களின் பயமும் அதே பிள்ளைகளைச் சுற்றித்தான் இருந்தது. கொண்டாட்டத்தையும் பயத்தையும் சேர்த்துப் பார்த்தால் கீழே வருவதெல்லாம் புரியும்.

ஹாலோவீன் அமெரிக்காக்காரங்க பண்டிகைதானே? இவங்க ஏன் எங்களுடையதுன்னு சொல்றாங்க?

அவர்கள் சொல்வது சரி. நவம்பர் 1 'சவின்', குளிர்காலம் தொடங்கும் நாள். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். அயர்லாந்தின் இடைக்கால நூல்களிலேயே அது பெரிய கூட்டங்கள் கூடும் நாளாகவும், மறு உலகத்தின் கதவு திறக்கும் நாளாகவும் வருகிறது. திருச்சபை அதே நாளில் புனிதர் அனைவரின் திருநாளையும் மறுநாள் கல்லறைத் திருநாளையும் வைத்தது. இறந்தவர்களை நினைப்பது இரண்டுக்கும் பொதுவாக இருந்ததால் ஒன்றோடொன்று கலந்துபோயிற்று.

19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் போன ஐரிஷ், ஸ்காட்லாந்து மக்கள் இதை வட அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே வளர்ந்து, கடைச்சரக்காகி, திரும்பி வந்ததுதான் இப்போது நாம் பார்ப்பது. டப்ளினில் கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், சின்ன வயதில் வீடு வீடாகப் போய் "ஹாலோவீன் விருந்துக்கு உதவுங்க" என்றுதான் கேட்டோம், ஆப்பிளும் கொட்டைகளும்தான் கிடைத்தன என்பார்கள்.

மாசத்துக்கு ஒண்ணு வருதே, இதுக்கெல்லாம் என்ன கணக்கு?

நான்கு தூண்களை நினைவில் வையுங்கள். பிப்ரவரி 1 வசந்தம், மே 1 கோடை, ஆகஸ்ட் 1 அறுவடை, நவம்பர் 1 குளிர். பிப்ரவரியிலேயே வசந்தம் என்று உங்கள் பிள்ளை சொன்னால் திருத்தாதீர்கள், ஐரிஷ் கணக்கு அதுதான். இவற்றின் மேல் ஈஸ்டர், கிறிஸ்துமஸ், புனிதர் நாட்கள் வந்து உட்கார்ந்தன.

இன்னொன்று, பண்டிகை முந்தைய நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். அதனால்தான் அக்டோபர் 31, ஜனவரி 31, ஏப்ரல் 30 ஆகிய இரவுகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம். ஒரு பருவம் முடிந்து அடுத்தது பிறக்காத அந்த இடைவெளியில்தான் ஆபத்து அதிகம் என்று நம்பினார்கள்.

டர்னிப்ல விளக்கு செய்வாங்களாமே, பூசணிக்காய் இல்லையா?

பூசணி அமெரிக்கக் காய், இங்கே கிடைத்தது டர்னிப் கிழங்குதான். மேயோவில் காசில்பார் பக்கத்தில் டர்லோ பார்க் என்ற இடத்தில் தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்வுப் பிரிவு இருக்கிறது. அங்கே டொனிகாலின் ஃபின்டவுனிலிருந்து வந்த ஒரு டர்னிப் முகத்தின் வார்ப்பை வைத்திருக்கிறார்கள். குழி விழுந்த கண், பிதுங்கிய பல், சுருங்கிய தோல் என்று ஒரு கிழவனின் மண்டை ஓடு மாதிரியே இருக்கும். பூசணி முகம் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. வீட்டில் செய்ய ஆசைப்பட்டால் கிழங்கு கல் மாதிரி இருக்கும், குடையும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள்.

கடையில வாங்கின பழ ரொட்டிக்குள்ள மோதிரம் இருந்துச்சு, இது என்ன?

அது பார்ம்பிராக், உலர்திராட்சை போட்ட ஹாலோவீன் ரொட்டி. உள்ளே இருப்பதை வைத்து வரும் வருஷத்தைச் சொல்வார்கள். மோதிரம் வந்தால் கல்யாணம், காசு வந்தால் பணம், கந்தல் துணி வந்தால் வறுமை, பட்டாணி வந்தால் இந்த வருஷம் கல்யாணம் இல்லை, குச்சி வந்தால் சண்டை நிறைந்த கல்யாணம். இப்போது கடை ரொட்டியில் மோதிரம் மட்டும்தான் மிச்சம். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே வெட்டிப் பார்த்துக் கொடுங்கள், தொண்டையில் சிக்கிவிடும். மெல்லிய துண்டாக வாட்டி வெண்ணெய் தடவிச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும். அதே இரவில் உருளைக்கிழங்கும் கேல் கீரையும் மசித்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் விட்ட கோல்கேனனும் உண்டு.

நவம்பர்ல ப்ளாக்பெர்ரி பறிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களாம், சட்டமா?

சட்டம் இல்லை. சவினுக்குப் பிறகு 'பூக்கா' என்ற உருமாறும் ஆவி பழங்களின் மேல் துப்பிவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் பழம் ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்திருக்கும், ஆகையால் விஷயம் சரிதான்.

பிப்ரவரி 1-க்குக் கோரைப்புல் கொண்டு வரச் சொன்னாங்க. எதுக்கு?

புனித பிரிஜித் சிலுவை பின்ன. கில்டேரில் மடம் நிறுவியவர் அவர். 2023 முதல் அவர் பெயரில் பொது விடுமுறையும் உண்டு, பிப்ரவரி முதல் திங்கட்கிழமை (1-ஆம் தேதி வெள்ளியாக வந்தால் அன்றைக்கே). கோரையை வெட்டாமல் கையால் பிடுங்க வேண்டும் என்பது மரபு. ஒரு கோரையை நேராகப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை அதன் நடுவில் சுற்றி இரண்டாக மடியுங்கள். கால் திருப்பம் திருப்பி, அடுத்ததை முந்தையதன் மேல் மடியுங்கள். ஒவ்வொன்றையும் இறுக்கி விரலால் அழுத்திக்கொண்டே போனால் நடுவில் ஒரு சதுரம் எழும்பும், நான்கு கைகளும் காற்றாடி மாதிரி நீளும். நுனிகளை நூலால் கட்டினால் முடிந்தது. காய்ந்த கோரை உடையும், பிடுங்கிய அன்றே பின்னுவது நல்லது. இதை வாசலுக்கு மேலே செருகி வைத்தால் வீட்டில் தீப்பிடிக்காது என்று நம்பினார்கள். கூரை வேய்ந்த வீடுகளின் காலத்தில் தீதான் பெரிய பயம்.

அன்று பிள்ளைகள் வைக்கோலில் 'பிரீடோக்' என்ற பொம்மை செய்து, வெள்ளைத் துணி உடுத்தி, வீடு வீடாகத் தூக்கிப் போய் முட்டையோ காசோ வாங்கி வருவார்கள். முந்தைய இரவு வெளியே ஒரு துணியைப் போட்டு வைப்பதும் உண்டு. பிரிஜித் அந்த வழியாகப் போகும்போது அதைத் தொட்டுவிட்டுப் போவார், பிறகு தலைவலிக்கு அதைக் கட்டினால் சரியாகும். இன்றும் ஜனவரி 31 இரவில் ஜன்னல் விளிம்பில் துணி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்த வருஷச் சக்கரத்தில் மிகவும் பிடித்த இரவு இதுதான்.

ஃபேரின்னா குட்டி இறக்கை வச்ச தேவதைதானே, அதுக்கு ஏன் பயப்படணும்?

கார்ட்டூனை மறந்துவிடுங்கள். இங்கே சொல்லப்படுபவர்கள் 'ஷீ' மக்கள். இறக்கை கிடையாது, மனிதரைப் போலவே மாடு வளர்த்து, சண்டை போட்டு, கல்யாணம் செய்து, நிலத்தடியில் வாழ்பவர்கள். பெயரைச் சொன்னால் கோபம் வரும் என்று 'நல்லவர்கள்' என்றே குறிப்பிட்டார்கள். வயல் நடுவே வட்டமாக மண்மேடு பார்த்திருப்பீர்களே, அவை பழங்காலத்துப் பண்ணை வீடுகளின் எச்சங்கள். நாடு முழுக்க நாற்பதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றையே அவர்களின் வீடு என்று நம்பினார்கள். தொல்லியல் சின்னங்கள் இவ்வளவு பிழைத்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

பழைய போட்டோல பெரிய பசங்க பாவாடை கட்டியிருக்காங்களே, ஏன்?

கொனமாரா, அரன் தீவுகள் பக்கம் எடுத்த படங்களாக இருக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே பத்துப் பன்னிரண்டு வயது வரை பையன்கள் கம்பளிப் பாவாடை உடுத்தினார்கள். 'நல்லவர்கள்' ஆண் பிள்ளைகளைத்தான் தூக்கிப் போவார்கள், பெண் பிள்ளை என்று ஏமாந்து விட்டுவிடட்டும் என்று காரணம் சொன்னார்கள். வீட்டில் நெய்த துணியில் பாவாடை தைப்பது எளிது, வளர்கிற பிள்ளைக்கு நீண்ட நாள் வரும் என்பதும் உண்மை. ஐரோப்பா முழுக்கவே சிறு பையன்களுக்குக் கவுன் போடும் வழக்கம் இருந்தது, இங்கே அது வெகு நாள் நீடித்தது. ஒரு காரணம்தான் சரி என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

குழந்தையை மாத்தி வச்சிடுவாங்கன்னு நிஜமாவே நம்பினாங்களா? அதனால யாராவது செத்தாங்களா?

நம்பினார்கள், செத்தும் இருக்கிறார்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று இளைத்து, ஓயாமல் அழுது, பேச்சோ நடையோ வராமல் போனால், இது நம் பிள்ளை இல்லை, அசலைத் தூக்கிக்கொண்டு போய் இதை வைத்துவிட்டார்கள் என்பார்கள். அப்படி நடக்காமலிருக்கத் தொட்டிலின் குறுக்கே அடுப்பு இடுக்கியை வைத்துவிட்டுத்தான் தாய் வெளியே போவாள், இரும்பு அவர்களுக்கு ஆகாது. ஞானஸ்நானத்தைச் சீக்கிரம் முடிக்கத் துடித்ததற்கும் இது ஒரு காரணம்.

மாற்றப்பட்டதாக முடிவு கட்டிவிட்டால், அதைத் துரத்தினால் அசல் திரும்பும் என்று நினைத்தார்கள். ஃபாக்ஸ்குளோவ் செடியின் சாற்றைக் கொடுத்தார்கள், அது இதயத்தைத் தாக்கும் விஷம். நெருப்பைக் காட்டி மிரட்டினார்கள், ஆற்றில் முக்கினார்கள். 1826-இல் கெர்ரியில் நிற்கவும் நடக்கவும் பேசவும் முடியாத ஒரு சிறுவனை ஃபிளெஸ்க் ஆற்றில் முக்கியதில் அவன் இறந்தான். முக்கிய வயதான பெண் மேல் கொலை வழக்கு நடந்தது. கொல்லும் எண்ணம் இல்லை, உள்ளே இருப்பதை விரட்டவே செய்தார் என்று சொல்லப்பட்டு விடுதலையானார். பெரியவர்களும் தப்பவில்லை. 1895-இல் டிப்பரரியின் பாலிவாட்லியில் பிரிஜித் கிளியரி என்ற இளம்பெண் காய்ச்சலில் படுத்திருந்தபோது, இவள் என் மனைவி இல்லை என்று சொல்லிக் கணவனே எரித்துக் கொன்றான். அவனுக்கு 20 வருஷத் தண்டனை கிடைத்தது.

அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இருந்தது பிறவிக் குறைபாடோ, காசநோயோ, ஊட்டச்சத்துக் குறைவோதான். இன்றைக்கு மருத்துவரிடம் ஒரு பெயர் இருக்கும், அன்று தாய்க்குக் கிடைத்த ஒரே விளக்கம் இந்தக் கதை. இதை வெறும் சுவாரசியமான கட்டுக்கதையாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சம்மதம் இல்லை. இறந்தவர்கள் உண்மையான குழந்தைகள்.

வயல் ஓரத்துல சின்னச் சின்ன கல் நட்டிருக்கு, குழந்தைங்க புதைச்ச இடம்ங்கிறாங்க. ஏன் சர்ச்ல புதைக்கல?

அவை 'கில்லீன்' எனப்படும் இடங்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசு சொர்க்கம் போகாது, 'லிம்போ' என்ற இடைநிலையில் நிற்கும் என்ற போதனையால், தேவாலயக் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டது. பெரும்பாலும் இரவில், தகப்பனோ உறவினரோ தூக்கிப் போய், மேலே 'ஷீ' மக்களின் வீடு என்று சொன்ன வட்ட மேடுகளிலோ, இடிந்த கோயில் அருகிலோ, கடற்கரையிலோ புதைத்து, பெயர் வெட்டாத ஒரு கல்லை வைத்துவிட்டு வருவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் பதிவாகியுள்ளன. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது, அதாவது தம்பியையோ தங்கையையோ அப்படிக் கொடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

2007-இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் இந்தக் குழந்தைகளும் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உள்ளன என்று அறிக்கை வெளியிட்டது. இப்போது பல ஊர்களில் அந்த இடங்களை மந்திரித்து நினைவுக்கல் வைக்கிறார்கள். நடைப்பயிற்சியில் எதிர்ப்பட்டால் பிள்ளைகளைக் கற்கள் மேல் ஏறி விளையாட விடாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி குழந்தை கையில காசு வச்சுட்டு, கடவுள் ஆசீர்வாதம்னு சொல்லிட்டே இருந்தாங்க. வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள், மறுத்தால் மனசு சங்கடப்படும். பிறந்த குழந்தையின் கையில் வெள்ளிக் காசு வைப்பது அதிர்ஷ்டத்துக்கு. ஆசீர்வாதச் சொல் கண் படாமலிருக்க. குழந்தையை அழகு என்று புகழ்ந்துவிட்டு அந்தச் சொல்லைச் சேர்க்காமல் போனவர் மேல்தான், பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆனால், சந்தேகம் விழும். நீங்களும் ஒரு ஐரிஷ் வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள், வயதானவர்களுக்கு அவ்வளவு நிம்மதி. முதல் வருஷம் நகத்தை வெட்டினால் பிள்ளை திருடனாகும் என்று தாய் பல்லால் கடித்து எடுப்பதும் இந்த வகைதான்.

என் பொண்ணு வெள்ளைப் பூக் கிளையை வீட்டுக்குள்ள கொண்டு வந்தா, வந்தவங்க பதறிட்டாங்க. என்ன பூ அது?

ஹாதார்ன், மே மாதத்தில் வேலியெல்லாம் வெள்ளையாகப் பூக்கும் முள்மரம். 'நல்லவர்களுக்கு' உரியது, வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்பார்கள். அந்தப் பூவில் இருக்கும் டிரைமெத்திலமீன் என்ற பொருள் அழுகும் உடலிலும் உண்டாகும், அதனால் மூடிய அறையில் வாடை பிடிக்காமல்தான் போகும். வெளியே வைக்கலாம். வெக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களில் பிள்ளைகள் ஒரு முள்மரக் கிளையை வாசலில் நட்டு, ரிப்பனும் ஈஸ்டரிலிருந்து சேர்த்து வைத்த முட்டை ஓடும் கட்டி 'மே புதர்' செய்கிறார்கள். ஏப்ரல் 30 சாயங்காலம் பிரிம்ரோஸ் மாதிரி மஞ்சள் பூக்களைப் பறித்து வாசற்படியில் தூவுவதும் பிள்ளைகள் வேலை. மே முதல் நாள் பாலோ, நெருப்போ, சாம்பலோ வீட்டை விட்டுப் போகக்கூடாது, போனால் வருஷம் முழுக்க வெண்ணெய் திரளாது.

முட்டை ஓடு சரி, ஈஸ்டர்ல சூரியன் ஆடும்னு சொல்றாங்களே?

கிறிஸ்து உயிர்த்த மகிழ்ச்சியில் ஈஸ்டர் விடியலில் சூரியன் ஆடும் என்று பிள்ளைகளை எழுப்பித் தண்ணீர்ப் பாத்திரத்தில் அதன் நிழலைக் காட்டுவார்கள். அந்தக் காலத்தில் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) முழுக்க முட்டை விலக்கு என்பதால் அன்று ஆளாளுக்கு எத்தனை முட்டை சாப்பிட்டோம் என்று போட்டியே நடக்கும். பிள்ளைகள் 'க்ளூடோக்' என்று ஊரெல்லாம் முட்டை சேர்த்து, வெளியே தீ மூட்டி அவித்துத் தின்பார்கள்.

கோடையில ஒண்ணும் இல்லையா?

ஜூன் 23 இரவு புனித ஜான் தீ. மேற்குப் பகுதியிலும் கார்க் நகரிலும் இன்றும் மூட்டுகிறார்கள், விறகு சேர்ப்பது பிள்ளைகள். ஜூலை கடைசி ஞாயிறு மலையேறி பில்பெர்ரி பறிப்பார்கள், அதே நாளில்தான் 764 மீட்டர் உயரமுள்ள குரோ பாட்ரிக் மலைக்கு யாத்திரையும்.

டிசம்பர் 26-ல குருவியைக் கொல்வாங்களாமே, இதுக்கு என் பையனை அனுப்பவா?

இப்போது கொல்வதில்லை, அனுப்பலாம். பத்து கிராம்கூட இருக்குமோ என்னவோ, ரென் என்ற அந்தச் சின்னக் குருவியை அன்று பையன்கள் வேட்டையாடி, ஹோலி என்ற முள் இலைச் செடியின் கிளையில் கட்டி, அடக்கம் செய்யக் காசு கொடுங்கள் என்று பாடிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஒளிந்திருந்த புனித ஸ்தேவானைக் காட்டிக்கொடுத்தது, கழுகின் முதுகில் திருட்டுத்தனமாக ஏறி உயரப் பறந்து பறவைகளின் ராஜாவானது என்று அதற்குக் காரணக் கதைகள் உண்டு. இன்று பொம்மைக் குருவிதான். டிங்கிளில் வைக்கோல் உடையும் பறையும் புல்லாங்குழலுமாகத் தெருவே அதிரும், சின்னப் பிள்ளைகளுக்குச் சத்தம் கொஞ்சம் அதிகம்.

கிறிஸ்துமஸ் இரவு ஜன்னல்ல மெழுகுவத்தி எதுக்கு?

இடம் கிடைக்காமல் அலையும் மரியாளுக்கும் யோசேப்புக்கும் வழிகாட்ட. பெரும்பாலும் வீட்டின் கடைசிப் பிள்ளைதான் ஏற்றும். 1990-இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், வெளிநாடு போன ஐரிஷ் மக்களுக்காகத் தன் மாளிகை ஜன்னலில் எப்போதும் எரியும் விளக்கு வைத்தது இந்த வழக்கத்தை மனதில் வைத்துத்தான்.

ஜனவரி 6 பெண்களின் கிறிஸ்துமஸ். ஆண்கள் வீட்டு வேலை பார்க்க, பெண்கள் வெளியே போய் வருவார்கள், கார்க்கிலும் கெர்ரியிலும் இது பலமாக உண்டு. முன்பு அன்றிரவு வீட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோரைத் திரி ஏற்றி, யார் திரி முதலில் அணைகிறதோ அவர் முதலில் இறப்பார் என்று பார்த்தார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி அதைப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

குறிப்பிட்ட நாள்ல பிறந்த குழந்தைக்கு ஆகாதுன்னு ஏதாவது இருக்கா?

உண்டு. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பிறந்தவன் கொல்வான் அல்லது கொல்லப்படுவான் என்பார்கள். பரிகாரமாகக் குழந்தையின் கையில் ஒரு புழுவை வைத்து மூடி நசுக்க வைப்பார்கள், அதோடு கொலை கழிந்துவிடும். நல்ல பக்கமும் இருக்கிறது. ஏழாவது மகனின் ஏழாவது மகனுக்கு நோய் தீர்க்கும் கை என்று கூட்டம் தேடிப் போகும். ஏரோது குழந்தைகளைக் கொன்றதை நினைக்கும் டிசம்பர் 28 அன்று யாரும் புது வேலை தொடங்க மாட்டார்கள்.

இதெல்லாம் கிறிஸ்தவமா, அதுக்கு முந்தினதா? நாங்க வேற மதம், பிள்ளைங்க கலந்துக்கலாமா?

இரண்டையும் பிரிக்க முயன்றவர்கள் யாரும் முழுதாக வென்றதில்லை. கிறிஸ்தவத்துக்கு முன் இங்கே ஓகம் கல்வெட்டுகளைத் தாண்டி எழுத்து கிடையாது, பழைய கதைகளை எழுதி வைத்ததே துறவிகள்தான். பிரிஜித் என்ற தெய்வம் இருந்ததாக 900 வாக்கில் எழுதிய சொற்பொருள் நூல் சொல்கிறது. புனிதரின் வரலாறு அதைவிடப் பழையது, 7-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டது. ட்ருயிட் பூசாரிகள் அப்படியே இதைச் செய்தார்கள் என்று இணையத்தில் வருவதை நம்ப வேண்டாம். கலந்துகொள்வது உங்கள் விருப்பம். சிலுவை பின்னுவதில் தயக்கம் இருந்தால் ஆசிரியரிடம் நேரே சொல்லுங்கள், மே புதரிலோ டர்னிப் விளக்கிலோ எந்த வேண்டுதலும் இல்லை.

இந்தக் காலத்துலயும் யாராவது நம்புறாங்களா?

நேரே கேட்டால் இல்லை என்பார்கள், ஆனால் தன் நிலத்து முள்மரத்தை வெட்டச் சொல்லிப் பாருங்கள். 1999-இல் கிளேரில் லட்டூன் என்ற இடத்தில் புதிய சாலைக்காக ஒற்றை ஹாதார்ன் மரம் ஒன்று போக வேண்டியிருந்தது. கதைசொல்லி எடி லெனிஹன் எதிர்த்துப் பேசி, செய்தி உலகம் முழுக்கப் போய், கடைசியில் மரத்தை விட்டுவைத்துச் சாலை போட்டார்கள்.

நீங்க சொல்றதெல்லாம் எங்க இருக்கு? பிள்ளைங்களே தேடிப் படிக்க முடியுமா?

முடியும், அதுவும் பிள்ளைகள் எழுதியதையே. 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 26 கவுண்டிகளில் (மாவட்டங்களில்) ஏறக்குறைய 5,000 ஆரம்பப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்று கட்டுரை நோட்டு கொடுத்தது. பண்டிகை, வைத்தியம், பேய்க்கதை, விளையாட்டு எல்லாம் அதில் வந்தன. மொத்தம் சுமார் 7,40,000 பக்கங்கள். கக்குவான் இருமலுக்குக் கழுதையின் வயிற்றுக்குக் கீழே பிள்ளையை மூன்று முறை நுழைத்து எடுத்தது வரை, அந்தந்த ஊர்ப் பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்கிறது.

டூகஸ் என்ற இணையதளத்தில் இவை இலவசம். ஊர்ப் பெயரையோ பள்ளிப் பெயரையோ போட்டுத் தேடுங்கள். பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மேலே உள்ள 'மாற்றுக் குழந்தை' மாதிரிக் கதைகளும் நடுவில் வரும், அதனால் எட்டு வயதுக்குக் கீழே என்றால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியே அந்தப் பட்டியலில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.